மாமாட மொரிஸும் ஒரு டின் ஆணியும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை மாமாவின் மொரிஸ் மைனர் காரின் படங்கள் நாலைந்தைப் போட்டிருந்தேன். வந்த கொமன்ட்களில் பாதி ஒரே கேள்வி. "கார் ஓடினாக் காணாதா சேர்? ஆணிட நிறத்தப் பாத்தா ஆரும் ஏறப்போற?" என்று என்னிடம் படித்த பிள்ளை ஒன்றே எழுதியிருந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் கொமன்டுக்குள் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கார் 1959ஆம் ஆண்டு மொடல், மொரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 948 சிசி என்ஜின், ஸ்ரீ நம்பர். இந்த வகைக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினி காரையும் செய்த அதே மனிதர். 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதல் மைனர் வெளியானது. 1960 முடிவதற்குள் பத்து இலட்சம் கார்கள் செய்துவிட்டார்கள். பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நம் நாட்டில் எத்தனை டிஸ்பென்சரி டொக்டர்மார், எத்தனை ஹெட்மாஸ்டர்மார் இதில் போய் வந்தார்கள் என்பது நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். மாமா அதை 1974இல் இரண்டாம் கையாக வாங்கி ஹயர் ஓடினார். சாய்ந்தமருதிலிருந்து மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போன உம்மாமார் பலர் அந்தப் பின் சீற்றில்தான் போனார்கள். இதை வாசிக்கிறவர்களில் ஒருவர் இருவர் பிறந்த மூன்றாம் நாள் அதே சீற்றில் வீட்டுக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 காலையில் கார் மாமாவின் வளவில் நின்றது. வீடு கடற்கரையிலிருந்து இருநூறு யார் தூரம். அலை காரைத் தூக்கி மதிலில் சாத்திவிட்டுப் போனது. மாமியும் அன்றைக்குத்தான் போனா. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, நம் ஊரில் அதை எழுதிக் காட்ட வேண்டிய வீடு ஒன்றும் இல்லை. மாமா காரைக் கொட்டிலுக்குள் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினார். பதினெட்டு வருசம் யாரையும் தொட விடவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே என்னைக் கூப்பிட்டு, "மனே, அதக் கழட்டிப் பாரு, கண்ணு முழுசாப் போறத்துக்கு முன்ன ஒருக்கா ஓடவேணும்" என்றார். அவருக்குக் கண் அழுத்த நோய். இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

கழற்றத் தொடங்கினோம். நானும், வேலைக்குச் சேர்த்துக்கொண்ட மெக்கானிக் தம்பியும், சனி ஞாயிறுகளில் என் மகனும். கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் பழைய பால்மா டின்களில் போட்டு, எந்த இடத்து ஆணி என்று எழுதி ஒட்டினோம். மாமா பக்கத்தில் கதிரையில் இருந்து டின்னுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். "இது பொனட் பிணைச்சல்ட. இது எங்கட இல்ல, இது லேத்துல கடைஞ்ச" என்பார். பிழைத்தது மிகக் குறைவு.

அந்த டின்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியர் விழித்துக்கொண்டார். எல்லா ஆணிகளும் அதே உப்புத் தண்ணீரில் மூழ்கியவை. அதே கொட்டிலில், அதே கடல்காற்றில் பதினெட்டு வருசம் கிடந்தவை. ஆனால் சிலது கையில் எடுத்ததும் கறளாய் உதிர்ந்தது. சிலது கறுப்பாய் இறுகிப்போய் தலை மட்டும் உடைந்து வந்தது. சிலது மங்கலான சாம்பல் நிறத்தில், நேற்றுத்தான் பூட்டியது போல் ஸ்பேனருக்கு மெதுவாகச் சுழன்று வந்தது. ஏன் இப்படி?

கொவ்லி தொழிற்சாலையில் ஒரே மாதிரி ஆணியை எல்லா இடத்திலும் பூட்டவில்லை என்பதுதான் பதில். அக்காலக் காரில் ஓர் ஆணியின் மேல்பூச்சு அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. தண்ணீர் படும் இடம், கண்ணுக்குப் படும் இடம், வர்ணத்துக்குள் மறைகிற இடம், மின்சாரம் ஓடுகிற இடம், எல்லாவற்றுக்கும் வேறு வேறு.

மங்கல் சாம்பல் நிறத்தில் தப்பி வந்தவை கட்மியம் முலாம் பூசியவை. கட்மியம் நாகத்தின் இனம்தான். இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் கடல்காற்றில் நாகத்தை விட மெதுவாகவே அரிபடும், புரியையும் இறுக விடாது. ஆகாய விமானங்களின் ஆணிகளுக்கு அதையே நம்பியிருந்தது இதனால்தான். அக்கால பிரித்தானியக் கார்களில் பிரேக் குழாய்ப் பிடிகள், என்ஜின் அறைக்குள் இருக்கும் சின்னச் சாமான்கள் பலவற்றிலும் இதைக் காணலாம். புதிதாக இருக்கும்போதும் கட்மியம் பளபளக்காது. வெள்ளி மோதிரத்தைச் சாம்பலால் தேய்த்து வைத்தது போல், கொஞ்சம் மெதுவான, பாலேறிய ஒரு வெள்ளை. பழகிய கண் ஒன்றுக்குப் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

கறுப்பாய் இறுகிப் போனவை எண்ணெயில் கறுப்பாக்கியவை அல்லது பொஸ்பேற்று இட்டவை. இரும்பைச் சூடாக்கி எண்ணெயில் தோய்ப்பது பழைய கொல்லன் முறை. பொஸ்பேற்று என்பது அமிலக் குளியலில் இரும்பின் மேல் சாம்பல் கறுப்பான ஒரு பளிங்குப் படையை வளர்ப்பது. இரண்டுமே எண்ணெய் ஊறியிருக்கும் வரைதான் காவல். எண்ணெய் போனால் காவலும் போச்சு. உப்புத் தண்ணீருக்கு இவை ஒரு மணித்தியாலமும் தாங்கியிருக்காது.

என்ஜினில் இருந்த ஆணிகளுக்குத் தனிக் கதை. பிஎம்சி கம்பனி அந்த என்ஜினை முழுதாகப் பூட்டி முடித்த பிறகே பச்சை வர்ணம் அடித்தது. ஆகவே என்ஜினின் ஆணித் தலைகளில் பெரும்பாலானவை என்ஜினோடு சேர்ந்து பச்சையாகவே இருக்க வேண்டும். இன்றைக்கு மீளமைத்த கார்கள் பலவற்றில் பொனட்டைத் திறந்தால் பச்சை என்ஜினில் ஒவ்வொரு ஆணியும் நட்சத்திரம் போல் மின்னும். பார்க்க வடிவுதான். ஆனால் அப்படி ஒரு கார் தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வெளியே வந்ததில்லை. கதவுப் பிணைச்சல் திருகுகளும் அப்படியே. உடலுக்குக் கதவைப் பூட்டிய பிறகு வர்ணம் அடித்ததால் திருகின் வெட்டுக்குள்ளும் காரின் நிறம் இறங்கியிருக்கும். உள்ளே அலங்காரத் தட்டிகளைப் பிடிக்கும் திருகுகள் மட்டும் குரோம். மின்கம்பி முடிகிற இடங்களில் பித்தளை, அது எங்கள் காரில் பச்சைக் களிம்பு பிடித்துப் போயிருந்தது.

திருகின் தலையில் உள்ள வெட்டும் காலத்தைச் சொல்லும். ஒற்றை வெட்டுப் பழையது. சிலுவை வெட்டு பிலிப்ஸ் என்பவரின் பெயரில் 1930களில் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிலுவைக்கு இடையில் இன்னும் நாலு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ், 1960களின் தொடக்கத்தில் வந்தது. 1959 காரில் அந்த நாலு கோட்டைக் கண்டால், பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போல்ட் தலைகளில் ஜீகேஎன், ரூபரி ஓவன், நியூவல் என்று செய்தவரின் பெயர் அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஆர், எஸ் என்று ஓர் எழுத்து இருந்தால் அது போல்ட்டின் பலத்தைச் சொல்கிறது. ஸ்டியரிங்கிலும் சக்கரப் பக்கத்திலும் அந்த எழுத்தைப் பார்க்காமல் போல்ட் மாற்றுவது உயிரோடு விளையாடுகிற வேலை.

மூலப்பூச்சு என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே தெரிகிற தலையைப் பார்க்கக் கூடாது. வொஷருக்கு அடியில் பார்க்க வேண்டும். பிடிக்குள் புதைந்திருந்த புரியின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். காற்றும் கையும் படாத இடம் அது. வட்டமாய் ஒரு சில்லிக் காசளவு இடத்தில் அறுபது வருசத்துக்கு முந்திய நிறம் அப்படியே இருக்கும். நாங்கள் அப்படிப் பார்த்துப் பார்த்து மகனின் கொப்பி ஒன்றில் எழுதினோம். முன்பக்கத்தில் அவனுடைய கணக்கு, பின்பக்கத்தில் மாமாவின் ஆணி.

இனிப் பிரச்சினை. கட்மியம் இப்போது எங்கே போய்ப் பூசுவது? எங்கேயும் இல்லை, இருந்தாலும் வேண்டாம். கட்மியம் கடும் நஞ்சு. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பக்கம் சுரங்கக் கழிவிலிருந்து அது வயலுக்குள் இறங்கி, சனங்களின் எலும்பு உருகி, நோவு தாங்காமல் அழுததால் அந்த நோய்க்கே 'இத்தாய் இத்தாய்' என்று பெயர். நோகுது நோகுது என்றுதான் அதற்கு அர்த்தம். 1968இல் அந்நாட்டு அரசே காரணத்தை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவிலும் கட்மியம் முலாமுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மங்கல் வெள்ளைப் பூச்சுள்ள பழைய ஆணியை நெருப்பில் காய்ச்சாதீர்கள், அதன் மேல் வெல்டிங் பிடிக்காதீர்கள், அரத்தாளால் தேய்த்துத் தூசியாக்காதீர்கள். கறள் எடுக்க வினாகிரியில் ஊறப் போடவும் வேண்டாம், கட்மியம் அதில் கரைந்து அந்தத் தண்ணீர் நஞ்சாகும். வளவில் கிணறு உள்ள ஊர் நம்முடையது. தப்பி வந்த ஆணிகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, ஒயில் துணியால் துடைத்து அப்படியே திரும்பப் பூட்டுவதுதான் நாங்கள் செய்தது.

தப்பாதவைக்குப் பதிலாக மாற்று ஆணி தேடிக் கொழும்புக்குப் போனேன். பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன். அங்கே கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஆணி கிடைத்தது, நிறம் கிடைக்கவில்லை. இருப்பதெல்லாம் நீலம் பாய்ந்த பளபளப்பு நாகம், அல்லது வானவில் மினுக்கும் மஞ்சள் நாகம். அந்த மஞ்சளும் நல்ல பூச்சுத்தான், ஆனால் மாமாவின் காருக்குப் பிந்திய காலத்து ஜப்பான் கார்களில் கண்டு பழகிய நிறம் அது. "ஸ்டெயின்லெஸ் போடுங்க, ஆயுசுக்கும் கறள் வராது" என்று கடைக்காரர் சொன்னார். கறள் வராதுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஆணி அலுமினியத்தோடு உரசி இருக்கிற இடத்தில் உப்புக்காற்று பட்டால் அரிபடுவது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு பிறகு கழராது. பலம் அடையாளமிடாத ஸ்டெயின்லெஸ் ஆணியை ஸ்டியரிங்கில் போடவும் முடியாது. நிறமும் கூடாது, ஆஸ்பத்திரித் தட்டு மாதிரி ஒரு வெள்ளை.

புரியின் கதை இன்னும் மோசம். மொரிஸ் மைனர் 1000இல் பெரும்பாலும் யூஎன்எஃப் என்கிற நுண்புரி. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ஆணி பிரித்தானிய நட்டுக்குள் போகாமல் பட்ட பாட்டினால், 1948இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் உடன்பட்டு வந்த அளவு அது. அதற்கு முந்திய விட்வேர்த் புரியின் கோணம் 55 பாகை, இதன் கோணம் 60. நம் ஹார்ட்வெயார்களில் இருப்பதோ மில்லிமீற்றர் ஆணி. கால் அங்குல ஆணியின் விட்டம் 6.35 மில்லிமீற்றர், அந்த இடத்தில் 6 மில்லிமீற்றர் ஆணி லொடலொடக்கும். 5/16 அங்குலம் 7.94, அங்கே 8 மில்லிமீற்றர் ஆணி முதல் இரண்டு சுற்றுக்குப் போகிற மாதிரி ஏய்க்கும், பிறகு ஸ்பேனரால் நெருக்கினால் உள்ளே இருக்கிற புரியைச் சீவிக்கொண்டு போகும். மாமாவின் காரில் அப்படிச் சீவின துளைகள் பதினொன்று.

சரியான அளவு ஆணிகள் கடைசியில் ஒரு பழைய கடையின் மேல்தட்டில், முலாம் இல்லாத வெறும் இரும்பாகக் கிடைத்தன. அவற்றை முலாம் பூசக் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். மங்கலாக வேண்டும் என்று மூன்று தரம் சொல்லி, மாதிரிக்கு ஓர் ஆணியும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு பஸ்ஸில் வந்த பொதியைப் பிரித்தால் எல்லாம் கண்ணாடி போல மின்னியது. மாதிரி ஆணியையும் சேர்த்து மினுக்கி அனுப்பியிருந்தார்கள். போனில் கேட்டேன். "மங்கலாச் செஞ்சா வேல சரியில்ல எண்டு ஆக்கள் திருப்பிக் கொண்டு வாராங்க சேர்" என்றார் அந்த மனிதர். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, காசுதான் போச்சு.

பிறகு வீட்டிலேயே செய்தோம். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மின்முலாமிடல் என்று ஒரு பாடம் இருக்கிறதல்லவா, அதேதான். ஒரு லீற்றர் வெள்ளை வினாகிரி, நூறு கிராம் அளவில் எப்சம் உப்பு. அனோட்டுக்கு நாகத் தகடு, பழைய டோர்ச் பெற்றரியின் கோதை வெட்டிக் கழுவி எடுத்தது. ஓரிரவு அந்தத் தகட்டில் கொஞ்சத்தைக் கரைய விட வேண்டும். கதோட்டு நம் ஆணி. மின்னோட்டம் மிகக் குறைவாக, ஒரு டோர்ச் பெற்றரியே போதும். அவசரப்பட்டுக் கூட்டினால் கறுத்த பஞ்சு போல் நாகம் படிந்து விரலால் தொட்டதும் உதிரும். சிலர் பளபளப்புக்காகச் சீனி போடச் சொல்வார்கள். நமக்கு வேண்டாததே பளபளப்புத்தான், ஆகவே சீனி தேத்தண்ணிக்கு. அரை மணித்தியாலத்தில் எடுத்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு சாம்பல். மென்மையான பித்தளைக் கம்பி பிரஷால் இலேசாக, ஒரே திசையில் தேய்த்தால் திடீரென்று அந்த மெதுவான பால் வெள்ளை வருகிறது. மூல ஆணியையும் இதையும் பக்கத்தில் வைத்து மகனிடம் எது எது என்று கேட்டேன். இரண்டு தரம் மாறிச் சொன்னான். வெறும் நாகம் நம் கடற்கரையில் கெதியாய் வெள்ளைப் பொடி பூக்கும் என்பதால் மெழுகு கொஞ்சம் தடவி வைத்தோம்.

கறுப்பு ஆணிக்குச் சிரட்டைக் கரி நெருப்பு. ஆணியை நிறம் பார்த்துக் காய்ச்ச வேண்டும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு நீலம். முந்நூறு பாகை செல்சியஸ் அளவில் நீலம் ஏறும். அப்போது எடுத்துப் பழைய ஒயிலில் தோய்த்தால் கறுப்பு. புகை கண்ணைக் கரிக்கும், வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மாமா நிறம் பார்க்க முடியாமல், ஒயிலில் போடும்போது வருகிற சத்தத்தைக் கேட்டே "இது காணாது, இன்னம் காய்ச்சு" என்பார். அந்தச் சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், நம் பொடியன்கள் இதைப் பார்த்து மோட்டார் சைக்கிளுக்குச் செய்துவிடுவார்கள். பிரேக், ஸ்டியரிங், சக்கரம், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் போல்ட்டுகளை வீட்டில் முலாம் பூசாதீர்கள், காய்ச்சவும் வேண்டாம். முலாம் இடும்போதும் அமிலத்தில் கழுவும்போதும் உண்டாகும் ஐதரசன் வன்மையான உருக்கின் உள்ளே புகும். வெளியில் ஒன்றும் தெரியாது. பாரம் வந்த சில நாளில் கண்ணாடி போல் பட்டென்று முறியும். தொழிற்சாலைகளில் முலாமிட்டதும் இருநூறு பாகை அளவில் பல மணித்தியாலம் சூட்டடுப்பில் வைத்து அதை வெளியேற்றுவார்கள். அந்த இடங்களுக்கு நாங்கள் பலம் அடையாளமிட்ட புது போல்ட் இங்கிலாந்திலிருந்து எடுத்தோம். 1990களில் அங்கே பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார் என்பவர், இலங்கையில் மைனர் பாகங்கள் செய்வித்து அங்கே கொண்டுபோனவர். நம் நாட்டுக் கைகள் செய்த தகடுகள் அங்குள்ள கார்களில் ஏறின. இப்போது நான் அங்கிருந்து ஆறு போல்ட் எடுக்க மூன்று மாதம் காத்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் மச்சானோடு இழுபறி தொடங்கியது. மாமாவின் மகன் டோஹாவில் இருக்கிறார், செலவில் பெரும்பங்கு அவர் அனுப்புவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. கொழும்பில் ஒருவர் நல்ல விலை கேட்கிறார், ஆனால் அச்சொட்டாக 1959இல் வந்தபடி இருக்க வேண்டும் என்கிறார். மச்சானுக்கு இரண்டு யோசனை. ஒன்று, அவருக்கே கொடுப்பது. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் குரோம் அடித்துக் கலியாணக் காராக விடுவது. "பார்க்கிற ஆக்களுக்கு மின்னவேணும் மச்சான்" என்று வட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெயிலில் நின்று உழைத்த காசு, அதற்கு ஒரு வரவு வேண்டும்.

நான் அச்சொட்டுக் கட்சியில்தான் இருந்தேன். ஆனால் மாமா ஒரு கேள்வி கேட்டார். "எந்தக் காலத்துக்கு அச்சொட்டு மனே?"

1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளியிலிருந்து ஓர் ஆணி வராத காலம். மாமா கார் எடுத்தது அதற்குள். உடைந்த போல்ட்டுக்கெல்லாம் லேத்தில் கடைந்த போல்ட்தான். பழைய லொறி அச்சு இரும்பில் கடைந்து, ஒயிலில் கறுப்பாக்கி, தலையில் யாருடைய பெயரும் இல்லாமல் இருக்கும் அந்த போல்ட்டுகள் எங்கள் டின்களில் இருபதுக்கு மேல் இருந்தன. புரி துல்லியம். முலாம் இல்லாததால் மேலே கறள் ஏறியிருந்தாலும் ஒன்றுகூட முறியவில்லை. கொழும்புக்காரரின் கணக்கில் அவை பிழையான ஆணிகள். கொவ்லியில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்த காருக்கு அவர் சொல்வது சரி. இந்த மண்ணில் முப்பது வருசம் ஹயர் ஓடிய காருக்கு? நான் லேத்து ஆணிகளில் பலம் போதுமானவற்றைத் திரும்பக் கறுப்பாக்கி அதே இடத்தில் பூட்டினேன். கொப்பியிலும் அப்படியே எழுதினேன், இது எழுபதுகளில் லேத்தில் கடைந்தது என்று.

ஆனால் ஓர் ஆணிக்கு அந்தக் கணக்கும் பொருந்தவில்லை.

டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கிற தட்டு ஒன்று இருக்கும். அதைப் பிடிக்கும் திருகுகளைக் கழுவி வரிசையாக வைத்திருந்தேன். எல்லாம் குரோம், நீலம் பாய்ந்த வெள்ளை. ஒன்று மட்டும் கொஞ்சம் மஞ்சள் கலந்த, வெதுவெதுப்பான வெள்ளை. நிறம் பார்த்துப் பழகாத காலத்தில் எனக்கு அது தெரிந்திருக்காது. அது நிக்கல். குரோமுக்கு அடியில் எப்போதும் நிக்கல்தான் இருக்கும், ஆகவே மேல்பூச்சுத் தேய்ந்துவிட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் தலை உயர்ந்து, ஓரம் மெல்லியதாக, வெட்டு ஆழமாக இருந்தது. பின்னால் ஒரு நட்டு, அந்த நட்டும் இந்த காருக்குரியதல்ல.

மாமாவின் கையில் வைத்தேன். பெருவிரலால் வெட்டைத் தடவினார். கனநேரம் பேசவில்லை.

"இது ஒண்ட மாமிட மெசின் ஆணி" என்றார்.

எண்பதுகளில் ஒரு பெருநாளுக்கு முதல் நாள் கல்முனைக்குப் போக நிற்கும்போது அந்தத் தட்டு கழன்று தொங்கியிருக்கிறது. கடை பூட்டு. மாமி உள்ளே போய் தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்த ஒன்றை எடுத்துவந்து, தானே திருப்புளி பிடித்துப் பூட்டியிருக்கிறா. "நாளைக்கு மாத்துங்க எண்டு சென்னா. நான் மாத்தல்ல" என்றார் மாமா. அந்த மெசினும் அலையில் போனதுதான். வீட்டில் மாமியின் கைபட்ட சாமான் என்று ஒரு பீங்கான் கோப்பையும் மிஞ்சவில்லை என்று என் மச்சாள்மார் எத்தனையோ தரம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், விளக்கமும் எழுதினேன். நீல நிறச் சரி விழுந்தது, பதில் வரவில்லை. அன்றிரவு பன்னிரண்டரைக்கு அழைத்தார். காரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, மாமா சாப்பிட்டாரா, மருந்து விட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். அடுத்த நாள் ஒரு வரி வந்தது: "அத மினுக்காதீங்க மச்சான்."

மினுக்கவில்லை. கழுவவும் இல்லை. அதே இடத்தில், அதே நட்டோடு, விரலால் இறுக்கி ஸ்பேனரால் கால் சுற்று. கொழும்புக்காரரிடம் இதை மறைக்கவும் போவதில்லை, கொப்பியை அவரிடம் காட்டுவேன். விற்கிறதா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. மச்சான் லீவில் வருகிறார், வந்த பிறகு அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற விசயம் அது. என் வேலை பூட்டுவது மட்டும்.

இப்போதைய நிலை: என்ஜின் ஏறிவிட்டது, பச்சை ஆணிகளோடு. கியர்பொக்ஸ் பூட்டியாகிவிட்டது. பிரேக் குழாய்கள் புதியவை, பிடிகள் பழையவை. முன் பம்பரின் குரோம் வேலை பாக்கி. பொனட் பிணைச்சலுக்கு இரண்டு ஆணி இல்லை, தலையில் பெயர் அச்சான 5/16 யூஎன்எஃப், முக்கால் அங்குல நீளம், மங்கல் வெள்ளை. பழைய மொரிஸ், ஒஸ்டின் வைத்திருந்த வீடுகளில், கட்டிலுக்கடியில், கொட்டில் முகட்டில், மூத்தாப்பாவின் ஆணி டின் ஏதும் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். கறளாக இருந்தாலும் பரவாயில்லை. வொஷரைக் கழற்ற வேண்டாம், அதற்கு அடியில்தான் நான் பார்க்க வேண்டும்.